அரசு வானொலியையும் தொலைக்காட்சியையும் மூடிவிட்டால் கிழக்குக்கு என்ன குறை?

அக்கரைப்பற்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம், ரூபவாஹினி, ஐ.ரி.என். என்று அரசின் கையில் பல நிலையங்கள் இருக்கின்றன. எங்கள் தெருவில் யாரும் அவற்றைக் கேட்பதுமில்லை, பார்ப்பதுமில்லை. ஆட்சி மாறினால் செய்தியின் தொனியும் மாறிவிடுகிறது. நட்டத்தை ஈடுகட்ட எங்கள் வரிப்பணம் போகிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் இருக்கும் தமிழ் பேசும் மக்களுக்கு இவற்றால் என்ன பயன்? மூடிவிட்டால் என்ன?”

தம்பி, நீங்கள் அடுக்கிய குறைகளில் ஒன்றையும் நான் மறுக்கப் போவதில்லை. ஆனாலும் மூடக்கூடாது என்பதுதான் என் பதில். களுவாஞ்சிகுடியில் வானொலியும் தொலைக்காட்சியும் திருத்தும் கடை வைத்துப் பிழைத்தவன் நான். திருத்தக் கொண்டுவரும் பெட்டியில் அலைவரிசை காட்டும் முள் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்த்தாலே அந்த வீட்டார் எதை நம்புகிறார்கள் என்று தெரிந்துவிடும். அந்த முள் கொழும்பை விட்டு நகர்ந்துபோனதையும் பார்த்திருக்கிறேன். ஆகவே பழம்பெருமை பேசி உங்களைச் சமாளிக்க மாட்டேன்.

நாம் ஒரே மூச்சில் ‘அரசு ஊடகம்’ என்று சொல்லும் மூன்றும் ஒரே நிறுவனமல்ல. ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. ரூபவாஹினித் தொலைக்காட்சிக்கு 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கச் சட்டம். ஐ.ரி.என். தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் தனியார் முயற்சியாகத் தொடங்கி, இரண்டு மாதம் முடிவதற்குள் அரசின் கைக்குப் போனது. இன்று அது அரசுக்குச் சொந்தமான கம்பனி. இந்த மூன்றின் கிளைகளாகத்தான் தமிழில் தென்றல் வானொலி, நேத்ரா தொலைக்காட்சி, வசந்தம் எல்லாம் வருகின்றன. மூன்றையும் மூடுவதென்றால் மூன்று வேறு கணக்கு. நான் அதிகம் பேசப்போவது வானொலியைப் பற்றி. எங்கள் பகுதிக்கு அதுதான் உயிரோடு ஒட்டியது.

கதை நீளமானது, சுருக்கிச் சொல்கிறேன். கொழும்பில் முறையான ஒலிபரப்பை ஆளுநர் ஹியூ கிளிபோர்ட் தொடங்கிவைத்தது 1925 டிசம்பர் 16இல். அதற்கு முன்பே தந்தித் திணைக்களப் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர், பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிப் பாகங்களைக் கொண்டு ஒலிபரப்பி ஒன்றைக் கட்டி, இசைத்தட்டுகளை ஒலிக்கவிட்டுப் பார்த்திருந்தார். இரண்டாம் உலகப் போரில் நேசநாடுகளின் தென்கிழக்காசியத் தளபதி மவுண்ட்பேட்டனின் படைத் தலைமையகம் கொழும்பில் தன் படையினருக்காக ஒரு வானொலி நடத்தியது. அதற்காக ஏக்கலையில் அமைந்த 100 கிலோவாற் சிற்றலை ஒலிபரப்பி போருக்குப் பின் இலங்கை அரசின் கைக்கு வந்து சேர்ந்தது. அந்தக் காலத்தில் ஒரு சிறிய நாட்டிடம் அப்படியொரு கருவி இருந்தது அதிசயம்தான். 1949இல் ‘ரேடியோ சிலோன்’ என்ற பெயர் வந்தது. 1950 செப்டெம்பர் 30இல் வர்த்தக சேவை தொடங்கியது.

அதே சமயத்தில் இந்தியாவில் ஒரு கூத்து நடந்தது. செய்தி, ஒலிபரப்பு அமைச்சராக இருந்த பி.வி.கேஸ்கருக்குச் சினிமாப் பாட்டு பிடிக்காது. அகில இந்திய வானொலியில் அதற்கு இடம் குறைந்துபோனது. பாட்டுக்கு ஏங்கியவர்கள் கொழும்பின் பக்கம் முள்ளைத் திருப்பினார்கள். இந்தியில் அமீன் சயானி, தமிழில் எஸ்.பி.மயில்வாகனம், அவருக்குப் பின் கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீத் என்று ஒரு வரிசை. ஓர் அரசு நிறுவனம் விளம்பரம் வாங்கி, பாட்டுப் போட்டு, பக்கத்து நாட்டையே தன் நேயராக்கிக்கொண்டது. அரசு நடத்தினால் சுவையாக இருக்காது என்று உங்கள் வயதுப் பிள்ளைகள் சொல்லும்போது எனக்கு இதுதான் நினைவுக்கு வரும். அரசுக்குச் சொந்தம் என்பதற்காக ஒரு நிலையம் அலுப்புத் தட்டுவதாக இருக்க வேண்டியதில்லை. அதை நடத்தக் கிடைத்தவர்களைப் பொறுத்தது.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் அந்த வானொலி எப்படிப் பரவியது என்று மூத்தவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் பெரிய நிலக்காரரான போடியார் வீட்டில் மட்டும் ஒரு வால்வ் வானொலி. சூடேறிப் பேசுவதற்கே சற்று நேரம் எடுக்கும். ட்ரான்சிஸ்டர் வந்த பிறகுதான் அது வட்டைக்கு, அதாவது வயல்வெளிக்கு, இறங்கியது. யானைக்குக் காவல் இருப்பவன் பரணில் ஒன்று, உப்போடையில் தோணி தள்ளுபவனிடம் ஒன்று. காலையில் பொங்கும் பூம்புனல், மதியத்தில் நீங்கள் கேட்டவை, ஓய்ந்த நேரத்தில் இசையும் கதையும். பாட்டு நடுவே செய்தி வந்தால் யாரும் முள்ளைத் திருப்புவதில்லை. அந்த நம்பிக்கைதான் மூலதனம்.

இதில் ஒரு நிகழ்ச்சிக்குத் தனி இடம் கொடுக்க வேண்டும்: மரண அறிவித்தல். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம். இறந்தவரின் பெயர், பிறந்த ஊர், வாழ்ந்த ஊர், யாருடைய மகன், யாருடைய மாமன், மச்சான், சம்பந்தி, இறுதிக்கிரியை எத்தனை மணிக்கு, எந்த மயானத்தில் என்று எல்லாம் கட்டணம் செலுத்தி வானொலியில் வாசிக்கச் செய்வார்கள். வீட்டுக்கு வீடு தொலைபேசி இல்லாத காலம். யாழ்ப்பாணத்தில் ஒருவர் கண் மூடினால் கல்லாறில் இருக்கும் சம்பந்திக்கும், பதுளையில் கடை வைத்திருக்கும் மருமகனுக்கும் ஒரே நேரத்தில் அதுவே சொல்லி அனுப்பும். அந்த அறிவித்தல் தொடங்கும் இசை கேட்டால் அடுப்படியில் இருப்பவரும் கையை நிறுத்திவிட்டு வந்து நிற்பார். யார் யாருக்கு என்ன உறவு என்று எங்கள் தலைமுறை நாடளவில் மனப்பாடம் செய்தது இப்படித்தான். இந்த வேலையை ஒரு தனியார் நிலையம் செய்திருக்க முடியாதா? செய்திருக்கலாம். ஆனால் நாடு முழுவதையும் எட்டும் அலை அன்று ஒன்றுதான் இருந்தது.

அலை எட்டுவது பற்றி இரண்டு வார்த்தை, தொழில் புத்தி விடாது. மத்திய அலை பகலில் நிலத்தை ஒட்டிப் போகும். இரவில் மேலே வளிமண்டலத்தின் மின்னேற்றப் படையில் பட்டுத் திரும்பி வெகுதூரம் போய் விழும். அதனால்தான் இருட்டியதும் எங்கள் பெட்டிகளில் திருச்சிராப்பள்ளி வானொலி கணீரென்று கேட்டது. எப்.எம். அப்படியல்ல. ஏறக்குறைய பார்வைக் கோட்டில்தான் போகும். நடுவே மலையோ காடோ வந்தால் பின்னால் இருப்பவனுக்கு இரைச்சல்தான். மத்திய அலை பெரும்பாலும் கைவிடப்பட்டு எல்லாம் எப்.எம். ஆன பிறகு, ஒரு கிராமத்துக்கு நிலையம் கேட்குமா இல்லையா என்பதை முடிவு செய்வது பக்கத்தில் எந்த மலையில் ஒலிபரப்பி நிற்கிறது என்பதே. தனியார் நிலையம் விளம்பரம் விற்கும் நகரத்தைப் பார்த்துத்தான் கோபுரம் வைக்கும். அது அவர்கள் தொழில். குற்றம் சொல்ல முடியாது. வாகரைக் காட்டோரத்திலும் பொத்துவிலுக்கு அப்பாலும் இருப்பவனுக்கு அலை போய்ச் சேர வேண்டும் என்று சட்டப்படி கேட்கக்கூடியது அரசு நிறுவனத்திடம் மட்டும்.

தொலைக்காட்சியும் மலையைத்தான் நம்பி வந்தது. 1982 பெப்ரவரியில் ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினி தொடங்கியபோது முக்கியமான கோபுரம் ஒன்று 2,524 மீற்றர் உயரமுள்ள பிதுருதலாகலையில் ஏறியது. அங்கிருந்து மட்டக்களப்பு நேர்கோட்டில் நூறு கிலோமீற்றருக்கு மேல். ஆகவே கூரைக்கு மேலே இரும்புக் குழாய் நட்டு, அன்ரனாவைத் தென்மேற்காகத் திருப்பி, ஒருவர் மேலேயும் ஒருவர் வாசலிலும் ஒருவர் பெட்டிக்கு முன்னாலுமாக நின்று “இப்ப எப்படி?” என்று கத்திக் கத்திப் படம் பிடித்தோம். என் கடைக்கு நல்ல வருமானம் தந்த காலம். வடக்கே கொக்காவில் கோபுரம் 1990 போரில் அழிந்து, 174 மீற்றர் உயரத்தில் புதிய கோபுரமாக மீண்டும் எழுந்தது 2011இல். ஒரு தலைமுறைக்கு நடுவே அத்தனை ஆண்டு இடைவெளி.

இனி நீங்கள் சொன்ன முக்கியமான குறைக்கு வருகிறேன். நம்பிக்கை.

எண்பதுகளின் பிற்பாதியில் என் கடைக்கு வந்த பெட்டிகளில் முள் சிற்றலையில் நின்றது. இரவில் பிபிசி தமிழோசை, அதோடு மணிலாவிலிருந்து வெரித்தாஸ் வானொலி. பக்கத்து ஊரில் காலையில் நடந்ததைத் தெரிந்துகொள்ள லண்டனிலிருந்து வரும் குரலுக்காக இரவு வரை காத்திருந்த மக்கள் நாங்கள். அரசு வானொலி செய்தி வாசிக்காமல் இல்லை; வாசித்தது. ஆனால் நம் கண்ணால் கண்டதற்கும் அது சொன்னதற்கும் இடையில் தூரம் கூடிக்கொண்டே போனது. செய்தியைக் கேட்டுவிட்டு, அதில் எதை விட்டிருக்கிறார்கள் என்று கணக்குப் போடுகிற பழக்கம் எங்களுக்கு வந்தது. அந்தப் பழக்கம் வந்த பிறகு முன்பு போல ஒரு நிலையத்தை நம்ப முடியாது.

இது தமிழர்களின் மனக்குறை மட்டும் என்று நினைக்க வேண்டாம். பிபிசியின் ஒலிபரப்பை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் தன் எப்.எம். அலைவரிசையில் அஞ்சல் செய்துகொண்டிருந்தது. அதில் தன் நிகழ்ச்சிகள் இடையிடையே வெட்டப்படுகின்றன என்று கூறி 2009 பெப்ரவரியில் பிபிசி அந்த ஏற்பாட்டை நிறுத்திக்கொண்டது. பிறகு மீண்டும் தொடங்கி, 2013 மார்ச்சில் தமிழ் நிகழ்ச்சி இடைமறிக்கப்பட்டதாகச் சொல்லி மறுபடியும் நிறுத்தியது. மற்றவன் சொல்வதைக்கூட அப்படியே விடாத நிலையம் தான் சொல்வதை எவ்வளவு சுதந்திரமாகச் சொல்லியிருக்கும்?

ஆனால் “யாரும் கேட்பதில்லை” என்ற உங்கள் வாதத்தை நான் அப்படியே ஏற்க மாட்டேன். யாரும் கேட்காத ஒன்றுக்காக யாராவது சண்டை போடுவார்களா? 2003 நவம்பரில் ஜனாதிபதி சந்திரிகா பிரதமரின் அரசாங்கத்திடமிருந்து பறித்துக்கொண்ட மூன்று அமைச்சுகளில் பாதுகாப்பும் உள்நாட்டு விவகாரமும் இருந்தன, மூன்றாவது ஊடகம். 2007 டிசம்பரில் பிரதி அமைச்சர் ஒருவர் தன் பேச்சு ஒளிபரப்பாகவில்லை என்று ஆட்களோடு ரூபவாஹினிக்குள் புகுந்ததை நாடே நேரலையில் பார்த்தது. 2018 ஒக்டோபர் 26 இரவு பிரதமர் மாற்றப்பட்டதும் புதியவரின் ஆதரவாளர் கூட்டம் முதலில் போன இடங்களில் ரூபவாஹினியும் ஒன்று. அன்றிரவு ஒளிபரப்பு நின்றுபோனது. 2022 ஜூலை 13இல் ஆர்ப்பாட்டக்காரர்களும் அங்கேதான் நுழைந்தார்கள். அரசை வைத்திருப்பவனும் அரசைக் கவிழ்க்க வருபவனும் ஒரே கட்டிடத்துக்கு ஓடுகிறார்கள் என்றால் அந்தக் கட்டிடத்துக்கு மதிப்பில்லை என்று சொல்ல முடியாது. மதிப்பு தெரிந்துதான் ஓடுகிறார்கள். தெரியாதவர்கள் நாம்தான்.

நோயின் வேர் சட்டத்தில் இருக்கிறது. இரண்டு கூட்டுத்தாபனங்களின் பணிப்பாளர் சபையையும் நியமிப்பவர் ஊடக அமைச்சர். பணிப்புரை கொடுக்கும் அதிகாரமும் அவருக்கு உண்டு. ஆட்சி மாறினால் தலைவர் மாறுகிறார், தலைவர் மாறினால் செய்தி அறையில் மேசைகள் மாறுகின்றன. இதைவிட வேடிக்கை, தனியார் நிலையங்களுக்கு உரிமம் கொடுப்பதும் இதே சட்டங்கள்தான்: வானொலிக்கு 1966 சட்டத்தின் 44ஆம் பிரிவு, தொலைக்காட்சிக்கு 1982 சட்டத்தின் 28ஆம் பிரிவு. தனியாருக்கென்று வேறொரு முழுமையான சட்டம் எழுதாமலே 1990களில் கதவைத் திறந்துவிட்டார்கள். சூரியன், சக்தி என்ற தனியார் வானொலிகள் 1998இல் வந்து எங்கள் வீடுகளைப் பிடித்துக்கொண்டதும் அந்தக் கதவின் வழியாகவே. ஆகவே அரசு நிலையத்தை மூடிவிட்டால் அமைச்சரின் பிடி போய்விடும் என்று எண்ண வேண்டாம். உரிமப் பத்திரத்தில் அவர் இருப்பார்.

1997இல் ஒலிபரப்பு அதிகாரசபை ஒன்றை உருவாக்க மசோதா கொண்டுவந்தார்கள். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான உயர் நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரணானது என்று சொல்லிவிட்டது. அலைவரிசை எல்லையுள்ள பொதுச் சொத்து, அதை ஒழுங்குபடுத்தும் அமைப்பு அரசாங்கத்தின் கைப்பொம்மையாக இருக்க முடியாது என்பது அதன் சாரம். அதற்கு முந்தைய ஆண்டு வந்த தீர்ப்பு எனக்கு இன்னும் பிடித்தது. ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் நடத்திய முறைசாராக் கல்வி நிகழ்ச்சி ஒன்று திடீரென்று நிறுத்தப்பட்டது. அதில் தொலைபேசி வழியாகப் பங்கெடுத்துவந்த சாதாரண நேயர் ஒருவர் வழக்குப் போட்டார். நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதிய தீர்ப்பில், அந்த நேயரின் பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. யோசித்துப் பாருங்கள்: தனியார் நிலையம் தன் நிகழ்ச்சியை நிறுத்தினால் நேயர் என்ன செய்வார்? வேறு நிலையத்துக்குப் போவார். அரசு நிலையத்தின் மீதுதான் நேயருக்கு அடிப்படை உரிமை வழக்குப் போடும் வழி இருக்கிறது. நீங்கள் மூடச் சொல்லும்போது இந்த உரிமையையும் சேர்த்துத்தான் மூடுகிறீர்கள்.

தேர்தல் காலத்துக்கும் ஓர் ஏற்பாடு உண்டு. அரசியலமைப்பின் 104ஆ உறுப்புரை தேர்தல் ஆணைக்குழுவுக்கு ஊடக வழிகாட்டல் விதிக்கும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமோ ரூபவாஹினியோ அதை மீறினால், அவற்றின் அரசியல் ஒலிபரப்பைக் கையேற்க ஒரு தகுதிவாய்ந்த அதிகாரியை ஆணைக்குழு நியமிக்கலாம். இரண்டு நிறுவனங்களையும் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார்கள். வழக்கமாகத் தப்புச் செய்யும் பிள்ளையின் பெயரைத்தான் வாத்தியார் முதலில் சொல்வார்.

பணம் பற்றிச் சுருக்கமாக. விளம்பரம் தனியாரிடம் போனது, சம்பளப் பட்டியல் ஒவ்வொரு ஆட்சியிலும் நீண்டது, மீதியைத் திறைசேரி பார்த்துக்கொள்கிறது. விளம்பரத்தை நம்பி வாழச் சொல்லிவிட்டு, விளம்பரம் வராத வேலைகளையும் செய்யச் சொல்வதில் கணக்கு ஒருநாளும் நேராகாது. இந்தியாவில் பிரசார் பாரதி 1997இல் தன்னாட்சி பெற்றது என்கிறார்கள். பணம் அரசிடமிருந்தே வருவதால் அந்தத் தன்னாட்சியிலும் பலருக்குச் சந்தேகம்தான். பெயரை மாற்றினால் போதாது, காசு எந்த வழியில் வருகிறது என்பதையும் பாராளுமன்றம் தீர்மானிக்க வேண்டும்.

சரி, விளம்பரம் வராத அந்த வேலைகள் எவை? ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முஸ்லிம் சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். நோன்புக் காலத்தில் அது ஒலிக்காத வீடு காத்தான்குடியிலோ மருதமுனையிலோ நிந்தவூரிலோ ஒரு காலத்தில் இருந்ததில்லை. ஆனால் ஒரு சங்கடம்: கொழும்பைவிடக் கல்முனையில் சூரியன் ஏழெட்டு நிமிடம் முந்தி மறைகிறது. கொழும்பு வானொலியின் பாங்கு கேட்கும்போது எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் கஞ்சிக் கோப்பை காலியாகிவிட்டிருக்கும். இந்தச் சின்ன விஷயம் ஒன்றே போதும், பிராந்திய சேவை ஏன் வேண்டும் என்று சொல்ல. அம்பாறைக் கரையோரத்துக்கென்று ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பிறை எப்.எம். வந்ததன் நியாயம் அங்கே இருக்கிறது. பெரும்போக விதைப்பு, வாய்க்கால் நீர் திறக்கும் நாள், வட்டைக் கூட்டம், உரம் எப்போது வரும் என்பதெல்லாம் கொழும்பிலிருக்கும் பாட்டு நிலையத்துக்குச் செய்தியே அல்ல. வெல்லாவெளிக்காரனுக்கு அன்றைய தலைப்புச் செய்தி அதுதான்.

இன்னொன்று ஒலிக் களஞ்சியம். கல்லடிப் பாலத்தடியில் முழுநிலவு இரவில் துடுப்பைக் காதில் வைத்துக் கேட்கும் மீன் பாட்டை, புனித மிக்கேல் கல்லூரியோடு தொடர்புடைய இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் நீருக்குள் ஒலிவாங்கி இறக்கிப் பதிவு செய்தார். அது இலங்கை வானொலியில் ஒலித்த பிறகுதான் எங்கள் வாவி நாடு முழுவதற்கும் பாடியது. வடமோடி, தென்மோடிக் கூத்துப் பாடல்கள், வசந்தன், காவியம், கவி என்று எங்கள் அண்ணாவிமார் என்ற கூத்து ஆசிரியர்கள் பாடியவை எத்தனை நாடாக்களில் இருக்கின்றன, எவை பூஞ்சை பிடித்தன, எவை எண்ணிம வடிவத்துக்கு மாறின என்று ஊருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தார். தனியார் கம்பனி தன் பழைய நாடாவைக் குப்பையில் போட்டாலும் கேட்க முடியாது. பொதுச் சொத்தென்றால் கேட்கலாம்.

கடைசியாக, எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவது: எச்சரிக்கை.

1978 நவம்பர் 23 இரவு சூறாவளி மட்டக்களப்பை அடித்துப்போட்டபோது மின்கம்பமும் தந்திக் கம்பமும் ஒன்றாகச் சாய்ந்தன. தென்னந்தோப்புகள் முறிந்து கிடந்த அந்த நாட்களில் வெளியுலகத்தோடு எங்களுக்கு இருந்த நூல் பற்றரியில் ஓடிய பெட்டிதான். 2004 டிசம்பர் 26 வேறு கதை. சுமாத்திராவுக்கு அருகே நிலம் அதிர்ந்தது எங்கள் நேரத்துக்குக் காலை 7 மணியளவில். அலை கல்முனையையும் நாவலடியையும் தொட்டது ஒன்றரை மணி நேரத்துக்கும் பிந்தி. நாட்டிலேயே அதிக உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில். அந்த ஒன்றரை மணி நேரமும் எல்லா நிலையங்களிலும் வழக்கமான ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிதான். அறிவிப்பாளரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர் கையில் வாசிக்க ஒரு தாளைக் கொடுக்கும் அமைப்பே நாட்டில் இல்லை. 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது அதன் பின்பே. 2012 ஏப்ரல் 11 பிற்பகல் சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெரிய அதிர்வு. அந்த முறை எச்சரிக்கை வந்தது, கரையோரம் காலியானது. அலை வரவில்லை, ஆனால் மக்கள் ஓடியிருந்தார்கள்.

கைத்தொலைபேசி இருக்கிறதே என்பீர்கள். 2011 ஜனவரி வெள்ளத்தில் பார்த்ததைச் சொல்கிறேன். மின்சாரம் போனால் வீட்டில் தொலைபேசி ஒரு நாள் தாங்கும். ஊரின் கோபுரத்துக்கு மின்கலம் சில மணி நேரம், பிறகு டீசல், டீசல் கொண்டுபோகும் பாதை தண்ணீருக்குள். எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்தால் இருக்கிற கோபுரமும் திணறும். வானொலியில் அந்தச் சிக்கலே கிடையாது. நூறு பேர் கேட்டாலும் நூறாயிரம் பேர் கேட்டாலும் அலைக்கு ஒரே சுமைதான். வெள்ளத்துக்கு வெளியே தூரத்து மலையில் நிற்கும் ஒரு வலுவான ஒலிபரப்பியும், கையில் இரண்டு பற்றரி போட்ட பெட்டியும் போதும். ஆனால் அந்த எச்சரிக்கை தமிழில், அதே நேரத்தில், ஊர்ப் பெயர்களோடு வர வேண்டும். “கிழக்கு மாகாணத்தின் சில பகுதிகளில்” என்று ஒற்றை வரி வாசித்தால் சித்தாண்டியில் இருப்பவன் வீட்டை விட்டுக் கிளம்புவானா, படுக்கப் போவானா?

அதனால்தான் மூடச் சொல்லாதீர்கள், கேள்வி கேளுங்கள் என்கிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இந்தக் கூட்டுத்தாபனங்களையும் கட்டுப்படுத்தும். நான் உங்கள் வயதில் இருந்தால் கேட்கக்கூடியவை இவை: தமிழ்ச் சேவைக்கும் சிங்களச் சேவைக்கும் கடந்த ஆண்டு செலவான பணம் எவ்வளவு, மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் எந்தப் பிரதேச செயலகப் பிரிவுகளில் அலை தெளிவாக எட்டவில்லை, அனர்த்த எச்சரிக்கை வந்தால் இரவில் தமிழில் வாசிக்க யார் பணியில் இருக்கிறார், கிழக்கில் பதிவான நாட்டார் பாடல், கூத்து நாடாக்களின் பட்டியல் எங்கே. நிறுவனத்தின் தகவல் அலுவலருக்கு எழுத வேண்டும். கொடுப்பதா மறுப்பதா என்ற முடிவை அவர் 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். மறுத்தால் அல்லது பதிலே வராவிட்டால் 14 நாட்களுக்குள் அங்கேயே குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அதிலும் திருப்தி இல்லையென்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதுங்கள், பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியைக் கட்டாயம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கு அந்தத் திகதியிலிருந்துதான் ஓடும்.